நீளமான டேனிஷ் சொல்லைப் பிரித்துப் படிப்பது எப்படி?

டேனிஷ் படிக்கத் தொடங்கிய புதிதில் 'ஸ்க்ரிவபோர்ட்ஸ்லம்ப' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன். 'ஸ்க்ரிவ' எழுது, 'போர்ட்' மேசை, 'லம்ப' விளக்கு என்று தெரியும். ஆனால் 'போர்ட்ஸ்லம்ப' என்று அகராதியில் தேடினால் இல்லை, 'போர்ட்லம்ப'தான் இருந்தது. நடுவில் இந்த 'ஸ்' எங்கிருந்து வந்தது? (டேனிஷ் உச்சரிப்பு தனிக்கதை. இங்கே எழுத்தை ஒட்டியே எழுதுகிறேன்.)

முதலில் வாலைப் பிடியுங்கள். கடைசியில் இருப்பது விளக்கு. என்ன விளக்கு என்பதை முன்னால் இருப்பவை சொல்கின்றன. தமிழருக்கு இது பழக்கம்தான். டேனிஷ் பெயர்ச்சொற்களுக்கு 'என்', 'எட்' என இரண்டு இலக்கணப் பால்கள். அந்தப் பாலும் வாலைப் பொறுத்ததே: மேசை 'எட்' வகை, விளக்கு 'என்' வகை, ஆகவே முழுச்சொல்லும் 'என்'.

அடுத்து, அந்த 'ஸ்'. பனை + காய் 'பனங்காய்' ஆகும்போது 'அம்' சாரியை வருகிறதல்லவா, அதுபோல இதற்கும் தனிப்பொருள் கிடையாது. ஆனால் இது ஒரு பெரிய உதவி செய்கிறது: பெரிய வெட்டு எங்கே விழ வேண்டும் என்று காட்டுகிறது. மேசை விளக்கில் இரண்டே சொற்கள், 'ஸ்' இல்லை. எழுதும் மேசை விளக்கில் 'ஸ்க்ரிவ', 'போர்ட்' இரண்டும் முதலில் சேர்ந்து ஒரே சொல்லாகிவிடுகின்றன. அதன் பிறகே 'ஸ்' வந்து விளக்கு ஒட்டுகிறது. நான் 'ஸ்க்ரிவ'வுக்குப் பின்னால் வெட்டினேன், அதுதான் தவறு. 'வீன்க்ளஸ்' என்றால் வைன் கிளாஸ். சிவப்பு வைன் என்றதும் 'ரோத்வீன்ஸ்க்ளஸ்'. எல்லாச் சொல்லும் இப்படி நடக்காது, ஆனாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

'-இங்', '-ஹெத்', '-ஸ்காப்' என முடியும் சொற்களுக்குப் பின் பெரும்பாலும் 'ஸ்' வரும். சில சொற்களில் 'எ' அல்லது 'எர்' இணைக்கும். அவற்றைப் பார்த்துப் பார்த்துப் பழக வேண்டியதுதான்.

சரி, இப்போது டேனிஷில் எழுதினால் 51 எழுத்துள்ள, பலரும் எடுத்துக்காட்டும் சொல்: ஸ்பெசியல்லேக + பிராக்சிஸ் + பிளான்லெக்னிங் + ஸ் + ஸ்டபிலிசேரிங் + ஸ் + பெரியோத. சிறப்பு மருத்துவர், மருத்துவத் தொழில், திட்டமிடல், நிலைப்படுத்தல், காலம். நடுவில் இரண்டு 'ஸ்' அடுத்தடுத்து வருவதைக் கவனியுங்கள்: முதலாவது இணைப்பு, இரண்டாவது அடுத்த சொல்லின் முதலெழுத்து. வரி முடிவில் உடைத்தாலும் இணைப்பு 'ஸ்' முன்சொல்லோடுதான் நிற்கும்.

மொழிபெயர்ப்புச் செயலியை இதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அது பொருளைத் தரும், வெட்டும் இடத்தைக் காட்டாது. பென்சிலால் கோடு போட்டு, துண்டுகளை 'டென் டான்ஸ்க ஓர்ட்போ' இணைய அகராதியில் தேடுங்கள்.

பின்சேர்க்கை: இடம் விட்டு எழுதினால் படிக்க எளிதாக இருக்குமே என்று சிலர் கேட்டார்கள். வேண்டாம், பொருளே மாறிவிடும். 'டான்ஸ்க் லேரர்' என்று பிரித்தால் டென்மார்க்கைச் சேர்ந்த ஆசிரியர். 'டான்ஸ்க்லேரர்' என்று சேர்த்தால் டேனிஷ் மொழி கற்பிக்கும் ஆசிரியர், அவர் எந்த நாட்டவராகவும் இருக்கலாம்.