தவளை முட்டை பொரியவில்லையா? தண்ணீரில் அமிலம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது எப்படி

குளத்தில் முட்டைத் திரள் மிதக்கிறது, நாள் ஓடுகிறது, ஒரு தலைப்பிரட்டையும் வெளியே வரவில்லை. உடனே பிஎச் (தண்ணீரின் அமிலத்தன்மையைச் சொல்லும் எண், 7 நடுநிலை, எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) பார்க்கும் தாளைத் தேடி ஓடாதீர்கள். அமிலம்தான் காரணமா என்பதை முட்டையே காட்டிக் கொடுத்துவிடும். அதனால் முதலில் ஒரு கை லென்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

திரளைத் தூக்க வேண்டாம், தண்ணீரில் இருக்கும்போதே பாருங்கள். பெரும்பாலான குளத்துத் தவளைகளின் முட்டையில் ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெளுப்பு. கருவுற்றதும் முட்டை உறைக்குள் தானாகவே திரும்பி கறுப்புப் பக்கம் மேலே வந்துவிடும். கருவே உருவாகாமல் வெளுத்துக் கலங்கிப்போன முட்டை கருவுறாததாக இருக்கலாம், ஆரம்பத்திலேயே செத்ததாகவும் இருக்கலாம், அதை வைத்து அமிலத்தைக் குற்றம் சொல்ல முடியாது. பஞ்சு போலப் பூஞ்சை படர்ந்திருந்தால் அதுவும் பெரும்பாலும் செத்த முட்டையில் பிடித்து அக்கம்பக்கம் பரவியதுதான்.

அமிலத்தின் கைவரிசை வேறு மாதிரி. கரு வளர்ந்திருக்கும், வால்கூட வந்திருக்கும், ஆனால் இறுக்கமான பைக்குள் திணித்த மாதிரி சுருண்டு கிடக்கும். கருவைச் சுற்றியுள்ள சவ்வுக்கு உள்ளே தண்ணீர் சேர்ந்து இடம் அகல வேண்டும், அமில நீரில் அது அகலாமல் சுருங்கிவிடுகிறது. அதோடு, கருவின் தலைப்பகுதிச் சுரப்பிகள் விடும் நொதிதான் சவ்வைக் கரைத்து வழி விட வேண்டும், அதுவும் அமிலத்தில் சரியாக வேலை செய்வதில்லை. வளர்ச்சி முடிந்தும் வெளியே வர முடியாமல் உள்ளேயே சாகும். தப்பி வந்தாலும் முதுகு வளைந்தே இருப்பதுண்டு.

சரி, இப்போது அளக்கலாம். முட்டை கிடக்கும் இடத்திலேயே, அதே ஆழத்தில் அளங்கள், கரையோரத்துக்கும் நடுக்குளத்துக்கும் வித்தியாசம் இருக்கும். விடியற்காலையில் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை எடுங்கள்: செடிகளும் பாசியும் பகலில் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்வதால் பிற்பகலில் பிஎச் ஏறும், இரவெல்லாம் சுவாசித்து அந்த வாயுவை வெளியே விடுவதால் விடியலில் இறங்கும். பிற்பகல் அளவை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். பெருமழைக்கோ பனி உருகலுக்கோ பிறகு கட்டாயம் இன்னொரு முறை. தாதுக்கள் குறைவான மென்நீரில் காகிதத் தாள் தப்பாகக் காட்டும், மீட்டர் நல்லது, அதையும் பிஎச் 4, 7 என்று அளவு தெரிந்த பஃபர் கரைசல்களில் சரிபார்த்த பிறகே நம்புங்கள்.

எண்ணைப் படிக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள், ஒரு அலகு இறங்கினால் அமிலம் 10 மடங்கு. 6-லிருந்து 4-க்கு வந்தால் 100 மடங்கு. மாசில்லாத மழைநீரே சுமார் 5.6 இருக்கும், ஆகவே 6-க்குக் கொஞ்சம் கீழே என்றதும் பதற வேண்டியதில்லை. 5-க்குக் கீழே போனால் கவலைப்படலாம். 4.5-ஐ ஒட்டி பல இனங்களின் முட்டைகள் பெருமளவு சாகும். 4 அளவிலும் சமாளிக்கும் வட அமெரிக்க வுட் ஃப்ராக் போன்றவை விதிவிலக்கு. ஒரே இனத்திலும் ஊருக்கு ஊர் மாறும்: ஸ்வீடனின் ராணா ஆர்வாலிஸ் என்ற இனத் தவளைகளில் அமிலக் குளத்துத் தாய்கள் இடும் முட்டைகள் அமிலத்தை நன்றாகவே தாங்குகின்றன, தாய் சுற்றித் தரும் ஜெல்லி உறைக்கும் அதில் பங்கு உண்டு.

இன்னும் சந்தேகமா? ஒரே திரளிலிருந்து சில முட்டைகளை இரண்டு பாத்திரங்களில் வையுங்கள் (உங்கள் பகுதியில் முட்டை எடுக்க அனுமதி தேவையா என்று முதலில் கேட்டுவிடுங்கள்). ஒன்றில் அதே குளத்து நீர், இன்னொன்றில் குளோரின் நீக்கிய, பிஎச் 7-ஐ ஒட்டிய நீர். வெப்பம், வெளிச்சம் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும். இரண்டாவதில் மட்டும் பொரிந்தால் குற்றவாளி தண்ணீர்தான் என்பது உறுதி, முதல் பாத்திரத்தில் கரு சுருண்டும் கிடந்தால் அமிலம் என்றே எடுத்துக்கொள்ளலாம். தயவுசெய்து வினிகர் ஊற்றி அமில மழையைச் செய்து பார்க்காதீர்கள். அசெட்டிக் அமிலம் செல் சவ்வைத் தாண்டி உள்ளே போய்விடும், அதே பிஎச்சில் அமில மழையிலுள்ள கந்தக அமிலம் செய்வதைவிட அதிகக் கெடுதல் செய்யும், நீங்கள் காண்பது வினிகரின் வேலையாகத்தான் இருக்கும்.

பொரிந்துவிட்டால் கண்டம் தாண்டியது என்று இல்லை. அமில நீரில் தலைப்பிரட்டையின் செவுள் வழியாகச் சோடியம் கசிந்துகொண்டே இருக்கும், உடம்பிலுள்ளதில் ஏறக்குறைய பாதி போனால் செத்துவிடும். தண்ணீரில் கால்சியம் இருந்தால் இந்தக் கசிவு குறையும். மிதமான அமிலத்தில் சாகாது, ஆனால் மெதுவாக வளரும், தவளையாக மாறுவது தள்ளிப்போகும், மாறும்போதும் குட்டையாக இருக்கும். மந்தமாக நீந்துகிறதா, ஒரே வயதுத் திரளில் உருவம் சிறுத்திருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். அப்புறம் அலுமினியம். அமிலம் மண்ணிலிருந்து அதைக் கரைத்துக் கொண்டுவந்து சேர்க்கும், தெளிந்த நீரில் அது செவுளைத் தாக்கும், இலைச்சாறு இறங்கிய பழுப்பு நீரிலோ பெரும்பாலும் கட்டுண்டு கிடக்கும். ஒரே பிஎச் உள்ள இரண்டு குளங்களில் ஒன்றில் மட்டும் சாவு விழுவதற்கு இப்படியும் காரணம் இருக்கும்.

சரிசெய்வது எப்படி? உங்கள் சொந்தக் குளமாக இருந்தால் நொறுக்கிய சுண்ணாம்புக்கல்லோ சிப்பி ஓடோ ஒரு வலைப்பையில் கட்டிப் போட்டு நாள்கணக்கில் மெதுவாக ஏற விடுங்கள், இடையிடையே அளந்துகொள்ளுங்கள். சுட்ட சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம், அது பிஎச்சை ஒரேயடியாக 11, 12 என்று தூக்கி மிச்சம் இருப்பதையும் கொன்றுவிடும். தலைப்பிரட்டைகளை அள்ளி வேறு குளத்தில் விடுவதும் கூடாது, தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சையும் ரானா வைரஸும் அப்படித்தான் பயணம் செய்கின்றன. ஸ்பேக்னம் என்ற பாசிச்செடி (மாஸ்) மூடிய இயற்கைச் சதுப்புநிலமாக இருந்தால் ஒன்றும் செய்யாதீர்கள், அங்கே அமிலம் பிறவியிலேயே வந்தது, அங்கு முட்டையிடும் தவளைகளும் அதற்குப் பழகியவை.