காபி வரட்டி: தொட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள்

போன மாதம் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் கட்டைப்பை நிறைய காபி வரட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணா, எரியவே மாட்டேங்குது, ஒரே புகை. மண்ணெண்ணெய் ஊத்தட்டுமா?" ஒன்றை எடுத்து இரண்டாக உடைத்தேன். ஓரமெல்லாம் வெளிறிய பழுப்பு. நடுவில் எட்டணா அளவுக்குக் கறுப்பாக ஒரு வட்டம், விரல் வைத்தால் குளிர்ந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் செய்த அதே வேலை.

காபி வரட்டி என்பது எங்கள் வீட்டில் வைத்த பெயர். டிகாக்ஷன் இறக்கியபின் மிஞ்சும் சக்கையைக் காயவைத்து, கஞ்சி விட்டுப் பிசைந்து, தட்டி, செம்பு பாய்லரில் வெந்நீருக்கு எரிக்கிறோம். கோத்தகிரியில் வருஷம் முழுக்க வெந்நீர் வேண்டும். வீட்டு ஃபில்டர் சக்கை எந்த மூலைக்கு? கடைவீதியில் ஒரு காபிக் கடையில் தினமும் ஒரு வாளி வாங்கிக்கொள்கிறேன். அதில் கிடக்கும் பேப்பர் கப்பைப் பொறுக்கி எறிய வேண்டும் என்பதையெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

காய்ந்துவிட்டது என்று நம்புவது

இதைத்தான் எல்லோரும் செய்கிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் "தொட்டுப் பார்த்தேன், நல்லா காஞ்சிருச்சு" என்று அதே பதில் வரும்போது எரிச்சலாகத்தான் இருக்கிறது.

ஃபில்டரிலிருந்து தட்டிய சக்கையில் பாதிக்கு மேல் தண்ணீர். ஒரு கிலோ ஈரச் சக்கை நன்றாகக் காய்ந்தால் 400 முதல் 450 கிராம்தான் தேறும். காய்ந்த சக்கை சாமானியப்பட்டதல்ல, காபி எண்ணெய் கொஞ்சம் அதிலேயே தங்கியிருப்பதால் கிலோவுக்கு ஏறக்குறைய 5,000 கிலோகலோரி சூடு தரும். நல்ல விறகை விடக் குறைவில்லை. ஆனால் 600 கிராம் தண்ணீரோடு எரித்தால், அதை ஆவியாக்கவே சூட்டில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தீ சூடேறாமல் கனன்றுகொண்டே கிடப்பதுதான் பெரிய தொல்லை. வருவதெல்லாம் புகையும் தார் மாதிரி ஒட்டும் கீலும்தான்.

சக்கை மிக நைஸான தூள். வெயிலில் வைத்ததும் மேலே பொருக்குத் தட்டி, உள்ளே இருக்கும் ஈரத்தை மூடிவிடும். சிக்கரி கலந்த தூள் என்றால் களி மாதிரி ஒட்டிக்கொண்டு, என் அனுபவத்தில் ஒரு நாள் கூடுதலாகக் கேட்கும். விரலால் தொட்டால் தெரிவது அந்தப் பொருக்கு மட்டும்தான்.

என் கதையைச் சொல்கிறேன். நாலு மாதம் சேர்த்த சக்கையைத் தட்டி, தொட்டுப் பார்த்துத் திருப்தியாகி, மூன்று சாக்கில் கட்டி, மாடிப்படிக்கு அடியில் சுவரோரம் அடுக்கினேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழையில்தான் நன்றாக நனையும். பத்து நாள் கழித்துப் படியடியில் ஒரு புளித்த வாடை. சாக்கை அவிழ்த்துக் கையை விட்டால் உள்ளே வெதுவெதுவென்று இருக்கிறது! பூஞ்சை பூத்து, குவியல் தானே சூடேறிக்கொண்டிருந்தது. வெள்ளையும் பச்சையுமாக ஒரே தூசி. மனைவிக்கு ஒரு வாரம் இருமல். இரண்டு சாக்கு எருக்குழிக்குப் போயிற்று. மூன்றாவதை விட மனசில்லாமல் எரித்தேன் பாருங்கள், அதுதான் கஞ்சத்தனம். பாய்லரின் நடுக்குழாயில் கீல் படிந்து, சுரண்டி எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. அந்த வருஷம் மார்கழிக்குக் காசு கொடுத்து விறகு வாங்கினேன்.

இப்போது தராசைத்தான் நம்புகிறேன். சக்கையை ஒரு விரற்கடைக்கு மேல் தடிமன் இல்லாமல் பரப்பி, நாளைக்கு இரண்டு முறை கிளறிவிடுவேன். வரட்டி தட்டியபின், குவியலின் நடுவிலிருந்து ஒன்றை எடுத்துச் சமையல் தராசில் நிறுத்து, குறி போட்டு, ஒரு முழுநாள் வெயிலில் வைத்து மறுபடி நிறுப்பேன். நூறு கிராம் வரட்டி ஒரு கிராமுக்கு மேல் குறையவில்லை என்றால் சரி. மூடுபனி நாளைக் கணக்கில் எடுக்காதீர்கள். பனியில் எடை குறையாமல் நிற்கும். அது காய்ந்ததற்கு அடையாளம் இல்லை. கடைசியாக ஒன்றை உடைத்துப் பாருங்கள். அந்தக் கறுப்பு வட்டம் இருக்கவே கூடாது.

இன்ஸ்டன்ட் காபித் தொழிற்சாலைகளிலும் இதே சக்கையைப் பாய்லரில் எரிக்கிறார்கள். அதற்கு முன் பிழிந்து ஈரத்தை இறக்குகிறார்கள். நம்மிடம் இருப்பது வெயில் ஒன்றுதான்.

கஞ்சியைக் கொட்டுவது

தூளைப் பொறுமையாகக் காயவைத்துவிட்டு, அப்புறம் ஒரு குண்டான் கஞ்சியை ஊற்றினால் பட்ட பாடெல்லாம் வீண். ஒரு கிலோ காய்ந்த தூளுக்கு 80 முதல் 100 கிராம் மைதாவோ மரவள்ளி மாவோ போதும். அதைக் கெட்டியாகக் காய்ச்சுங்கள். பிடித்தால் பிடிபட வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது. தட்டும்போது மெதுவடை மாதிரி நடுவில் விரலை விட்டு ஓட்டை போடுங்கள். ஈரம் கடைசிவரை பதுங்குவது நடுவில்தான். ஓட்டை இருந்தால் காற்று உள்ளே புகுந்து அதையும் காயவைக்கும், எரியும்போதும் அதே வழியாகத் தீ பிடிக்கும். கொட்டாங்கச்சிக் கரித்தூளை மூன்றில் ஒரு பங்கு சேர்த்தால் புகை நன்றாகக் குறைகிறது. சாணம் கலந்தும் தட்டலாம். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், எனக்கு அந்தப் புகை ஒத்துக்கொள்ளவில்லை.

மெழுகு

வெளிநாட்டில் கணப்புக்கு விற்கும் காபிக் கட்டைகளில் மெழுகு சேர்ப்பதுண்டு. பாய்லரில் அது உருகி, சாம்பல் தட்டில் வடிந்து, அங்கேயே பற்றிக்கொள்ளும். வேண்டாம்.

மண்ணெண்ணெய்

அந்தப் பையனுக்குச் சொன்னதுதான்: ஈரத்துக்கு மருந்து வெயில்.

தூளை அள்ளித் தீயில் வீசுவது

புருவம் போகும்.

குளிருக்கு அறைக்குள் கனப்புச் சட்டியில் வைப்பது

செய்யவே செய்யாதீர்கள். கதவைச் சாத்திய அறையில் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது.

சாம்பல்

பாத்திரம் தேய்க்க நன்றாக இருக்கிறது. ரோஜாத் தொட்டிக்கு ஒரு சிட்டிகை போதும். நான் ஒரு படி கொட்டி, செடியை மாற்ற வேண்டி வந்தது.