பழைய பிளாஸ்டிக் ஸ்பிட்ஃபயரைப் பிரித்துக் கட்டுவது எப்படி?

யாரோ எப்போதோ ஒட்டி, கெட்டியாகப் பெயின்ட் அடித்து, பிறகு சக்கரம் உடைந்து, காக்பிட் மூடியில் பசைக் கைரேகையோடு மூலையில் கிடக்கும் மாடல் விமானங்கள் நிறைய. அப்படி ஒன்றைக் கழுவி, பிரித்து, திரும்பக் கட்டும் வழியை இங்கே சொல்கிறேன். உதாரணத்துக்கு, இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரிட்டிஷ் போர்விமானமான ஸ்பிட்ஃபயர் மார்க் 1. பிரிட்டனின் மாடல் நிறுவனமான ஏர்ஃபிக்ஸ் வெளியிட்டது, அளவு 1/72, அதாவது நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு. பாகங்கள் குறைவு, கைக்கு அடக்கம், முதல் தடவை செய்பவர்களுக்குத் தோதான விமானம்.

ஏர்ஃபிக்ஸின் முதல் விமானக் கிட்டே (பாகங்களாக வரும், நாமே ஒட்டிக் கட்டும் பெட்டி) ஸ்பிட்ஃபயர்தான். 1950-களில் பிரிட்டனின் உல்வொர்த் கடைகளில் 2 ஷில்லிங்குக்கு விற்றது. அதன் டெக்காலில் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள்) பி.டி.கே. என்ற எழுத்துகள் இருக்கும். உங்களிடம் இருப்பது அந்தப் பதிப்பாக இருந்தால் தூசி மட்டும் தட்டிப் பத்திரமாக வையுங்கள், பெயின்டை எடுக்கவே கூடாது. அதற்குப் பிறகு பல அச்சுகளில் பலமுறை வந்தவைதான் பெரும்பாலும் கைக்குக் கிடைக்கும். அவற்றில் தாராளமாக வேலை செய்யலாம்.

வேலைக்கு முன்

நல்ல வெளிச்சத்தில் விமானத்தைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். எல்லாப் பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக அடிப்பகுதி. மார்க் 1 ஸ்பிட்ஃபயரின் இரண்டு இறக்கைகளுக்கும் அடியில் இருப்பவை ஒரே மாதிரி இருக்காது. விமானி உட்கார்ந்திருக்கும் திசையில் பார்த்தால் வலது இறக்கைக்கு அடியில் பெட்டி போன்ற பெரிய ரேடியேட்டர், இடது இறக்கைக்கு அடியில் ஒல்லியான ஆயில் கூலர். பிரித்துப் போட்ட பிறகு இரண்டையும் மாற்றி ஒட்டிவிடுவது எளிது. போட்டோ இருந்தால் அந்தக் குழப்பம் வராது.

எந்த ஒட்டு உறுதியாக இருக்கிறது, எது ஆடுகிறது என்பதை விரலால் லேசாக அழுத்திப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வேலையில் நான் முக்கியமாக நினைப்பது இதைத்தான்: உறுதியாகவும் நேராகவும் இருக்கும் ஒட்டைப் பிரிக்காதீர்கள். பழைய பிளாஸ்டிக் பசை இரண்டு பாகங்களையும் உருக்கி ஒன்றாக்கியிருக்கும். அதைப் பிளந்தால் ஒட்டு விடாது, பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக்தான் உடையும். உடலின் இரண்டு பாதிகளும் ஒழுங்காகச் சேர்ந்திருந்தால் அப்படியே விடுங்கள். காக்பிட் வேலையை மேலே திறந்திருக்கும் வழியாகவே செய்துகொள்ளலாம்.

பெயின்டை எடுப்பது

முதலில் காக்பிட் மூடியைக் கழற்றித் தனியே எடுத்து வையுங்கள். கண்ணாடிப் பாகம் சாதாரணப் பாகத்தைவிட நொறுங்கும் தன்மை உடையது. கீழே சொல்லப்போகும் எந்தத் திரவத்திலும் அதைப் போடக் கூடாது. ஸ்பிரிட்டில் ஊறினாலே உள்ளுக்குள் மயிர்க்கோடாக வெடிப்பு விடும்.

அடுத்து, அடித்திருப்பது எந்தப் பெயின்ட் என்று தெரிய வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து ஒரு மூலையில் தேயுங்கள். நிறம் பஞ்சில் ஏறினால் அக்ரிலிக். அப்படியானால் அந்த ஸ்பிரிட்டிலேயே ஊறவைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். டெட்டாலும் வேலை செய்யும். ஆனால் டெட்டாலில் ஊறியதை உடனே குழாயடியில் காட்டாதீர்கள், கரைந்த பெயின்ட் தண்ணீர் பட்டதும் பிசினாகிவிடும். டெட்டாலைத் தொட்டே தேய்த்து எடுத்துவிட்டு, கடைசியில் பாத்திரம் கழுவும் சோப்பும் தண்ணீரும்.

ஸ்பிரிட்டுக்கு நிறம் அசையவில்லை என்றால் அது எனாமல். பழைய மாடல்களில் இதுதான் அதிகம். இதற்கு மெக்கானிக் கடையில் விற்கும் பிரேக் ஆயில் நல்லது. டாட் 3 அல்லது டாட் 4 என்று கேட்டு வாங்குங்கள். டாட் 5 சிலிக்கான் வகை, அது பெயின்டை எடுக்காது. மூடியுள்ள ஒரு டப்பாவில் பாகம் முங்கும்படி ஊற்றி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பெயின்ட் சுருங்கிக் கிளம்ப ஆரம்பித்ததும் பிரஷ்ஷால் தேயுங்கள். கையுறை கட்டாயம், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். மேசையிலோ வண்டியிலோ சிந்தினால் அந்த பெயின்டையும் சேர்த்து உரித்துவிடும். மிஞ்சியதைச் சாக்கடையில் ஊற்றாமல் மெக்கானிக் கடையில் கழிவு ஆயிலோடு சேர்க்கக் கொடுங்கள்.

எதுவானாலும் முதலில் உள்பக்கத்தில் ஒரு துளி வைத்துச் சோதித்துவிட்டு இறங்குங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர், பெயின்ட் கடை என்.சி. தின்னர், பெட்ரோல் மூன்றும் பக்கத்திலேயே வரக் கூடாது. ரிமூவரில் இருக்கும் அசிட்டோனும் தின்னரும் மாடலின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைக் கரைத்துக் கூழாக்கிவிடும்.

பிரிப்பது

பெயின்ட் போன பிறகு ஒட்டு எங்கே இருக்கிறது என்று தெளிவாகத் தெரியும். ஆடும் பாகங்கள் ஊறியதிலேயே கழன்றிருக்கும். கழற்றியே ஆக வேண்டியது ஏதாவது இருந்தால், உதாரணமாகக் கோணலாக ஒட்டிய வால் இறக்கை, விமானத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீஸரில் சில மணி நேரம் வையுங்கள். ஃபெவிக்விக் மாதிரிப் பசையால் ஒட்டியிருந்தால் குளிரில் அது மொறுமொறுப்பாகி, மெதுவாக வளைத்தாலே டப்பென்று விடும். விடவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள். பிளேடின் முதுகால் ஒட்டுக்கோட்டிலேயே லேசாகத் திரும்பத் திரும்பக் கீறிக்கொண்டே போங்கள். அதற்கும் மசியாததை மெல்லிய ரம்பத்தால் அறுத்துவிடலாம்.

கழற்றிய ஒவ்வொரு பாகத்தின் ஒட்டும் விளிம்பிலும் பழைய பசை கட்டி கட்டியாக நிற்கும். அதைச் சுரண்டி எடுத்து, வெறும் பிளாஸ்டிக் தெரிய வேண்டும். மாடல் சிமென்ட், அதாவது பிளாஸ்டிக் மாடலுக்கான பசை, பிளாஸ்டிக்கை உருக்கித்தான் பிடிக்கும். நடுவே பெயின்டோ பழைய பசையோ இருந்தால் பிடிப்பே கிடைக்காது.

புடைப்புகளை என்ன செய்வது?

பழைய ஏர்ஃபிக்ஸ் கிட்களில் தகட்டுக் கோடுகளும் ரிவெட்டுகளும் புடைத்து நிற்கும். இன்றைய கிட்களில் அவை மெல்லிய பள்ளங்களாக இருக்கும். இதனால் பலர் எல்லாப் புடைப்பையும் தேய்த்துவிட்டுப் புதிதாகக் கோடு கீறுகிறார்கள். முதல் தடவை செய்பவர்கள் அதில் இறங்க வேண்டாம் என்பேன். வேலை அதிகம், கோடு ஒன்று வழுக்கினால் திரும்பப் பட்டி பார்க்க வேண்டும். அதைவிட முக்கியமாக, அந்தப் புடைப்புகள் அந்தக் காலத்து அச்சுக் கலைஞர்களின் கை. துல்லியமான ஸ்பிட்ஃபயர் வேண்டுமென்றால் புதுக் கிட் வாங்கிக்கொள்ளலாம். பழையதைக் கட்டுகிறோம் என்றால் அது பழைய கிட் என்று பார்த்தவுடன் தெரியட்டும். ஒட்டுக்கோட்டில் தேய்க்கும்போது சில ரிவெட்டுகள் போகத்தான் செய்யும், அதற்காக வருந்த வேண்டாம்.

திரும்பக் கட்டுவது

முதலில் காக்பிட். உள்ளே பச்சை கலந்த சாம்பல் நிறம், ஹம்ப்ரால் கம்பெனி மாடல் பெயின்டில் எண் 78. இருக்கை இல்லை என்றால் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி வளைத்து வைக்கலாம். இந்த அளவில் மூடி போட்ட பிறகு இருக்கையின் மேல்விளிம்பும் விமானியின் தோளும்தான் தெரியும்.

அடுத்து இறக்கை. நிதானமாகச் செய்ய வேண்டிய இடம் இதுதான். ஸ்பிட்ஃபயரின் இறக்கை இரண்டு பக்கமும் 6 டிகிரி மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். நிஜ விமானத்தில் நுனிக்கு நுனி 11.23 மீட்டர், மாடலில் சுமார் 15.6 செ.மீ. இங்கே 1 மி.மீ. பிசகினால் நிஜத்தில் 7 செ.மீ.க்கு மேல் பிசகு. பசை போடும் முன் சும்மா பொருத்தி, மேசையில் வைத்து, இரண்டு நுனியும் மேசையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று ஸ்கேலால் அளந்து பாருங்கள். தாழ்ந்திருக்கும் பக்கத்துக்கு அடியில் தீப்பெட்டியோ மடித்த அட்டையோ கொடுத்துச் சரிசெய்துவிட்டு, அப்புறம் நீர்த்த மாடல் சிமென்டைப் பிரஷ்ஷால் விளிம்பில் தொட்டுவிடுங்கள். தானாக இடுக்கில் ஓடிவிடும். அன்று இரவு முழுக்க அசைக்காதீர்கள்.

உடலும் இறக்கையும் சேரும் இடத்தில் இடைவெளி விழும். பழைய கிட்டில் இது சகஜம். சின்ன இடைவெளிக்கு நாமே பட்டி தயாரிக்கலாம். வேறு ஏதாவது கிட்டில் பாகங்கள் பிடித்திருந்த பிளாஸ்டிக் சட்டம் கொஞ்சத்தைப் பொடிப்பொடியாக நறுக்கி, மாடல் சிமென்ட் இருக்கும் ஒரு குப்பியில் போட்டு வைத்தால் மறுநாள் கூழாகியிருக்கும். அதைத் தடவினால் காய்ந்த பிறகு பிளாஸ்டிக்காகவே மாறிவிடும். காயும்போது சுருங்கும் என்பதால் கொஞ்சம் தூக்கலாகவே வைத்து, இரண்டு நாளாவது விட்டுவிட்டுத் தேயுங்கள். பெரிய பள்ளத்துக்கு எம்-சீல் போதும். பிசைந்து திணித்து, ஈர விரலால் நீவிவிட்டால் மறுநாள் தேய்க்கும் வேலை பாதியாகிவிடும்.

தேய்க்க வாட்டர் பேப்பர்தான் சரி. 400-இல் தொடங்கி 600, 1000 என்று போங்கள். தண்ணீர் தொட்டே தேயுங்கள், தூசி மூச்சில் போகாது, தாளும் அடைத்துக்கொள்ளாது.

காக்பிட் மூடி

பெயின்டும் பசையும் படிந்த மூடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கறை மேலோட்டமாக இருந்தால் 2000 வாட்டர் பேப்பரால் ஈரத்தோடு மெல்லத் தேயுங்கள். முதலில் முழுக்கப் பால் மாதிரி மங்கிவிடும், பயம் வேண்டாம். பிறகு வெள்ளைப் பற்பசையை மெல்லிய பருத்தித் துணியில் தொட்டு வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருங்கள். ஐந்து நிமிடத்தில் ஒரு மூலையில் தெளிவு வரும், அங்கிருந்து பரவும். மூடியை ஒட்ட ஃபெவிகால் மட்டும். ஃபெவிக்விக்கின் ஆவி பட்டால் கண்ணாடி வெள்ளை பூத்துப்போகும்.

நிறம்

மூடியின் கண்ணாடிக் கட்டங்களை மாஸ்கிங் டேப்பால் மறைத்துவிட்டு, சாம்பல் பிரைமர் ஒரு மெல்லிய கோட். கார்களுக்கு அடிக்கும் ஸ்பிரே பிரைமர் சில பிளாஸ்டிக்கை அரிக்கும், மிச்சமிருக்கும் சட்டத்தில் அடித்துப் பார்த்துவிட்டு அடியுங்கள். பிரைமரில் ஒட்டுக்கோடு தெரிந்தால் திரும்பப் பட்டி, திரும்பத் தேய்ப்பு. இங்கே அலுத்துக்கொண்டு விட்டால் கடைசிவரை அந்தக் கோடுதான் கண்ணில் படும்.

1940 கோடையில், பிரிட்டன் வான்போர் நடந்த சமயத்தில், ஸ்பிட்ஃபயரின் மேற்பக்கம் டார்க் எர்த் பழுப்பும் டார்க் கிரீன் பச்சையும், அடிப்பக்கம் வெளிர்பச்சை கலந்த ஸ்கை. ஹம்ப்ரால் எண்கள் முறையே 29, 30, 90. முதலில் அடிப்பக்கம், பிறகு மேற்பக்கம் முழுக்கப் பழுப்பு, அது நன்றாகக் காய்ந்ததும் பச்சைத் திட்டுகளைப் பென்சிலால் மெல்ல வரைந்துகொண்டு நிரப்புங்கள். பிரஷ்ஷில் அடிப்பவர்கள் பெயின்டை நீர்க்கவைத்து, மூக்கிலிருந்து வால் நோக்கி, இரண்டு மூன்று மெல்லிய கோட்டாக அடியுங்கள். புரொப்பெல்லர் கறுப்பு, இலைகளின் நுனி மஞ்சள். நிஜத்தில் அந்த மஞ்சள் 4 அங்குலம், மாடலில் ஒன்றரை மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. பலரும் இதைப் பட்டையாக அடித்துக் கெடுத்துவிடுவார்கள்.

டெக்கால்

பெட்டியோடு பழைய டெக்கால் தாளும் கிடைத்தால் அதிர்ஷ்டம். மஞ்சளடித்திருந்தால் ஜன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி டேப் போட்டு ஒட்டிவையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் மஞ்சள் நன்றாகக் குறையும், மழை தண்ணீர் மட்டும் படக் கூடாது. பிறகு வேண்டாத ஒரு சின்ன டெக்காலை வெட்டி வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுப் பாருங்கள். சில்லுசில்லாக உடைந்தால், மிச்சமிருக்கும் தாள் முழுக்க தெளிவான வார்னிஷ் ஒரு கோட் அடித்துக் காயவைத்து, ஒவ்வொன்றையும் விளிம்பை ஒட்டி வெட்டியெடுத்தால் உடையாது.

ஒட்டும் முன் விமானத்துக்குப் பளபளப்பு வார்னிஷ் ஒரு கோட் அவசியம். பளபளப்பில்லாத மேட் பெயின்டின் சொரசொரப்பில் காற்று சிக்கி, டெக்காலைச் சுற்றி வெள்ளியாக மின்னும். எல்லாவற்றையும் ஒட்டிக் காய்ந்த பிறகு மேட் வார்னிஷ் அடித்துக்கொள்ளலாம். வட்டச் சின்னங்கள் இடத்துக்கு இடம் வேறு என்பதைக் கவனியுங்கள்: மேல் இறக்கையில் சிவப்பும் நீலமும் மட்டும், உடலில் வெளியே மஞ்சள் வளையம், அடியில் மஞ்சள் இல்லாமல் சிவப்பு வெள்ளை நீலம்.

கடைசியில் ஒட்ட வேண்டியவை

சக்கரக் கால்கள், புரொப்பெல்லர், ஆன்டெனா கம்பம் எல்லாம் இப்போதுதான். முன்பே ஒட்டினால் பெயின்ட் அடிக்கும்போது தட்டி உடைந்துவிடும். உடைந்த சக்கரக் காலுக்குள் மெல்லிய துளை போட்டு, குண்டூசித் துண்டைச் செருகி ஃபெவிக்விக்கால் இணைத்தால் பழையதைவிட உறுதி. இறக்கைக்கு அடியிலிருக்கும் வேகமானிக் குழாய் பெரும்பாலும் தொலைந்திருக்கும், அதற்குத் தையல் ஊசியின் நுனி பொருத்தமாக இருக்கும்.

கம்பத்திலிருந்து வால் உச்சிக்குப் போகும் ஆன்டெனா கம்பியை பிளாஸ்டிக் சட்டத்திலிருந்தே இழுக்கலாம். சட்டத்தின் ஒரு துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே, சுடர் படாமல், உருட்டிக்கொண்டே பிடியுங்கள். நடுவில் பளபளத்துத் தொய்ய ஆரம்பித்ததும் வெளியே எடுத்து இரண்டு பக்கமும் இழுங்கள். மெதுவாக இழுத்தால் தடிமன், வேகமாக இழுத்தால் முடி அளவுக்கு மெலிசு. தேவையான நீளம் வெட்டி, இரண்டு முனையிலும் ஃபெவிகால் துளி வைத்து ஒட்டுங்கள். காய்ந்த பிறகு தொய்ந்து தெரிந்தால், எரியும் ஊதுபத்தியின் நுனியை ஒரு விரற்கடை தள்ளி அதன் நீளத்துக்கும் நகர்த்துங்கள். சூட்டில் சுருங்கி விறைத்துக்கொள்ளும். அதற்கு மேல் நெருங்கினால் அறுந்துவிடும்.