வார்டுக்கு ஜெபிக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் எங்கள் சபையின் ஆஸ்பத்திரி ஊழியக் குழுவில் புதிதாக ஆறு பேர் சேர்ந்தார்கள். நான்கு பேர் வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகள், இரண்டு பேர் ஓய்வு பெற்ற ஆசிரியைகள். ஞாயிறு ஆராதனை முடிந்து, வீட்டில் சாப்பிட்டு, மூன்று மணிக்கு வேனில் ஏறி, பார்வை நேரம் முடியும்வரை வார்டு வார்டாகப் போய் வருகிற வேலைதான். நான் பத்தொன்பது வருஷமாகப் போகிறேன். புதியவர்களைப் பார்த்தால் பாதி சந்தோஷம், பாதி வயிற்றைக் கலக்குகிறது. நான் செய்த தப்புகளையெல்லாம் ஏறக்குறைய அதே வரிசையில் செய்கிறார்கள்.

கை கழுவுங்கள், கட்டிலில் உட்காராதீர்கள், சத்தமாகப் பாடாதீர்கள் என்பதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. வார்டு சிஸ்டர் முதல் நாளே சொல்லிவிடுவார், என்னைவிடக் கறாராக.

நீளமான ஜெபம்

கண்ணை மூடி ஜெபிக்கிறவருக்கு நேரம் தெரியாது. படுத்திருப்பவருக்குத் தெரியும். ஆரம்ப நாட்களில், இருதயக் கோளாறில் கால் வீங்கிப் படுத்திருந்த பெரியவர் ஒருவருக்காக ஆதாம் ஏவாளிலிருந்து தொடங்கி ஜெபித்தேன். நீர் பிரிவதற்கு ஊசி போட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், மருமகள் விரிப்பை மாற்ற ஆள் தேடிக்கொண்டிருக்கிறார், பெரியவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அன்றிலிருந்து எனக்கு ஒரு நிமிஷம்தான் கணக்கு. மிச்சத்தை வீட்டில் போய் ஜெபித்துக்கொள்கிறேன்.

வேதத்தில், உடம்பெல்லாம் புண்ணாகிக் கிடந்த யோபுவைப் பார்க்க வந்த சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

கேட்காமல் கொடுப்பது

சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸில் இருந்தவருக்கு இளநீர் வாங்கிக்கொண்டு போனவன் நான். ஸ்ட்ரா போட்டுக் கையில் கொடுக்கிற நேரத்தில் சிஸ்டர் ஓடி வந்து பிடுங்கினார். இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் அதை வெளியேற்றாவிட்டால் ரத்தத்தில் ஏறி, இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். வாழைப்பழம், ஆரஞ்சுப் பழம் கதையும் அதேதான். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் வாங்குவதே இந்த மூன்றையும்தான்!

இப்போதெல்லாம் போய்ப் பார்த்து, என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறோம். பல்பொடி என்பார்கள். போன் சார்ஜர் என்பார்கள். ராத்திரியெல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்தே இருக்கும் மனைவி ஒரு மணி நேரம் படுத்து எழும்வரை மாற்று ஆள் வேண்டும் என்பார்கள். பர்திமேயுவுக்குக் கண் தெரியாது என்பது எரிகோவுக்கே தெரியும். அப்படியும் இயேசு அவனிடம், நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்டார்.

வேலூர் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் கதையை எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்த இடம் வேறு. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, மனைவிக்குப் பிரசவம் பார்க்க வரும்படி அவரைக் கேட்டு வந்தார்கள். அப்போது அவர் டாக்டர் இல்லை. டாக்டராக இருந்த அப்பாவை அனுப்புகிறேன் என்றார். ஆண் வைத்தியர் வேண்டாம் என்று மூன்று பேருமே திரும்பிப் போனார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். தன்னிடம் இருப்பதைக் கொடுக்க அவர் தயாராகத்தான் இருந்தார். வந்தவர்கள் கேட்டது வேறு. அதைக் கொடுப்பதற்காகவே அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்து, 1900-இல் திரும்பி வந்து, வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்தார். நாம் ஆரஞ்சுப் பழத்தோடு நின்றுவிடுகிறோம்.

அனுமதி இல்லாமல் தலையில் கை வைப்பது

கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். நெற்றி நிறைய விபூதி வைத்திருந்த தாத்தா ஒருவர், "ஜெபமெல்லாம் வேண்டாம் தம்பி, இந்தக் கட்டில் கம்பியைக் கொஞ்சம் தூக்கி மாட்டிவிடு, தூக்கத்துல விழுந்திருவேன்னு பயமா இருக்கு" என்றார். மாட்டிவிட்டு வந்தோம். அன்றைக்கு நாங்கள் செய்த உருப்படியான ஊழியம் அதுதான்.

போட்டோ

எடுக்காதீர்கள்.

ஜெபக்குறிப்பு

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் எரிச்சலோடு எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் திரும்பி வரும்போது, வேனில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி போனில் தட்டிக்கொண்டே வந்தான். எட்டிப் பார்த்தேன். மேலே 'அவசர ஜெபக்குறிப்பு'. கீழே நோயாளியின் பெயர், ஊர், கட்டில் எண். குடித்துக் குடித்து ஈரல் கெட்டுவிட்டது, மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சபையின் வாட்ஸ்அப் குழுவில் 180 பேர் இருக்கிறார்கள். அழித்துவிடு என்றேன்.

"ஜெபிக்கத்தானே அண்ணே?" என்றான்.

இதே வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன். அப்போது எனக்கு இருபத்தேழு வயது. பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் செய்துகொண்டு படுத்திருந்தார் ஒரு அம்மா, எங்கள் சபைதான். மகள் ப்ளாஸ்கை எடுத்துக்கொண்டு காபி வாங்கப் போன சமயம் பார்த்து, குரலைத் தணித்து ஒரு விஷயம் சொன்னார். மகளுக்குப் பதினொரு வயதிலிருந்து வலிப்பு. மாத்திரை சாப்பிடுகிறாள், நாலு வருஷமாக ஒரு தடவைகூட வரவில்லை. இப்போது ஒரு வரன் கூடி வந்திருக்கிறது. மறைத்துக் கட்டிக் கொடுக்க மனசில்லை. டிஸ்சார்ஜ் ஆனதும் நானே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் அவர் அம்மாவிடம் சொல்லப்போகிறேன், அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வேண்டும், ஜெபம் பண்ணிக்கோ தம்பி.

அவர் கேட்டது தைரியம் மட்டும். நான் என்ன செய்தேன்? வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்தில், ஜெபக்குறிப்பு ஏதாவது உண்டா என்று உபதேசியார் கேட்டதும் முதல் ஆளாகச் சொன்னேன். பெயரோடு. மகளுக்கு இருக்கும் வலிப்பு முற்றிலும் நீங்கவும், வந்திருக்கும் வரன் தடையில்லாமல் அமையவும். குரலில் பாரம் வேறு. பாயில் உட்கார்ந்திருந்த இருபது பேரும் உச்சுக் கொட்டினார்கள். அதில் ஒரு அக்கா, மாப்பிள்ளையின் ஊரிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் விஷயம் அங்கே போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டார் வலிப்பைப் பற்றி அதிகம் பேசவில்லையாம். "எங்ககிட்ட மறைச்சிட்டீங்களே" என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்களாம். மறைக்கக் கூடாது என்று தைரியத்துக்காக ஜெபிக்கச் சொன்ன மனுஷி, தையல் பிரிக்கும் முன்பே பொய்க்காரி ஆகிவிட்டார். வரன் போய்விட்டது.

மன்னிப்புக் கேட்கப் போனேன். அம்மா வெளியே வரவில்லை. மகள்தான் வாசலுக்கு வந்தாள். திட்டவில்லை. "பேரைச் சொன்னாத்தான் ஆண்டவருக்குத் தெரியுமா அண்ணே?" என்று மட்டும் கேட்டாள். கொஞ்ச நாளில் அவர்கள் வேறு சபைக்குப் போய்விட்டார்கள்.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் கத்தோலிக்கக் குருவானவர் வெளியே சொன்னால், தண்டனை சபை நீக்கம். நம்மிடம் அப்படி ஒரு பூட்டு கிடையாது. கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லலாம், அதுவும் பக்தியின் பேரில். வம்பு பேசுகிறவரைக்கூட வாயடைக்கலாம். 'ஜெபத்துக்காகத்தான் சொல்றேன்' என்கிறவரை என்ன செய்ய? எச்.ஐ.வி விஷயத்தில் சட்டமே இருக்கிறது. 2017-இல் இயற்றி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஒருவர் நம்பிச் சொன்ன எச்.ஐ.வி விவரத்தை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது. ஜெபக்குறிப்புக்கு என்று அதில் தனி விலக்கு கிடையாது.

சட்டம் இருக்கட்டும். ஆண்டவர் குஷ்டரோகியைச் சுகமாக்கிவிட்டு, யாருக்கும் சொல்லாதே என்று அனுப்பினார். இறந்துபோன யவீருவின் மகளை உயிரோடு எழுப்பும்போது, அழுது புலம்பிக்கொண்டிருந்த கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு, தாய் தகப்பனையும் மூன்று சீஷரையும் மட்டும் உள்ளே கூட்டிப்போனார். பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை படுத்திருக்கிற அறை. அப்படிப்பட்ட ஒரு அறைக்குள்தான் நான் இருபது பேரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

சரி, அப்புறம் எப்படித்தான் ஜெபிக்கச் சொல்வது? அவரிடமே கேளுங்கள். 'இதைச் சபையில் சொல்லலாமா? எப்படிச் சொல்லட்டும்?' துணைக்கு நிற்பவரிடம் கேட்கக் கூடாது, நோயாளியிடம்தான் கேட்க வேண்டும். அவர் தனியாக இருக்கும்போது கேளுங்கள். மாமியாரும் மச்சானும் சுற்றி நிற்கும்போது கேட்டால் யார் வேண்டாம் என்று சொல்வார்கள்? பெயரை விட்டுவிட்டு 'ஒரு சகோதரி' என்று சொன்னால் போதும் என்று நினைக்காதீர்கள். நாற்பது குடும்பம் உள்ள சபையில், பித்தப்பை ஆபரேஷன் ஆன ஒரு சகோதரி என்றால் யார் என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளை சொல்லிவிடும்.

என் பாக்கெட் நோட்டில் இப்போது கட்டில் எண்ணும் ஒரு வார்த்தையும் மட்டும்தான் எழுதுகிறேன். '14, தூக்கம்.' '6, தைரியம்.' டிஸ்சார்ஜ் ஆனதும் அந்தத் தாளைக் கிழித்துவிடுவேன். வாட்ஸ்அப்பில் போட்டதைக் கிழிக்க முடியாது. ஒரு குழந்தையின் பெயரும் ஸ்கேன் ரிப்போர்ட்டும் போட்டு, உடனே ஜெபியுங்கள் என்று ஒரு குறிப்பு சுற்றியது. குழந்தையை அடக்கம் செய்து ஒன்றரை வருஷம் கழித்து, யாரோ தூரத்துச் சபைக்காரர் அதை எனக்கு அனுப்பினார். அவ்வளவு தூரம் சுற்றியது, அதன் அம்மாவுக்கும் போயிருக்கும்.

மாத்திரை

காசநோய்க்குப் பொதுவாக ஆறு மாதம் மருந்து. இரண்டாவது மாதத்திலேயே இருமல் அடங்கி, முகம் தெளிந்துவிடும். அந்த நேரம் பார்த்துப் போய் 'ஆண்டவர் உங்களைச் சுகமாக்கிட்டார்' என்று நீங்கள் சொன்னால், 'மாத்திரை போதும்' என்றுதான் அவர் காதில் விழும். பாதியில் விட்டால் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாகத் திரும்பி வரலாம். ஸ்தோத்திரம் சொல்லுங்கள். அடுத்த மாதத்து மாத்திரை வாங்கியாகிவிட்டதா என்றும் கேளுங்கள்.

'என்ன பாவம் செய்தாரோ'

இந்தப் பேச்சை எடுத்தால் வேனில் இடம் கிடையாது.

'அடுத்த வாரம் வருகிறேன்'

நாம் ஒரு மரியாதைக்குச் சொல்லிவிட்டு வருகிறோம். அங்கே படுத்திருப்பவருக்கு வாரம் முழுக்க எண்ணிக்கொண்டிருக்க அது ஒன்றுதான் இருக்கிறது. வருவதாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

புதிதாகச் சேர்ந்த ஆசிரியை ஒருவர், போன ஞாயிறு பெண்கள் வார்டில் மூன்று கட்டில்களில் அப்படிச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். இந்த ஞாயிறு அவர் பேத்திக்குப் பிறந்தநாளாம். நேற்று போன் செய்து, தனக்குப் பதிலாக நான் போய் எட்டிப் பார்க்க முடியுமா என்று கேட்டார். அவர்கள் எதிர்பார்ப்பது என்னை இல்லையே டீச்சர், என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

கேக் வெட்டுவதை ஏழு மணிக்குத் தள்ளிவைத்திருக்கிறார்களாம். வேன் மூன்று மணிக்கு.