ஆம்ப்ளிஃபயரில் இறுகிப்போன வால்வை உடைக்காமல் கழற்றி மாற்றுவது எப்படி?

நாகப்பட்டினம், தரங்கம்பாடி, வேதாரண்யம் பக்கத்து மைக் செட் ஆம்ப்ளிஃபயரைக் கவிழ்த்துப் பார்த்தால் சாக்கெட் கால்களில் பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்க மூலையில் கிடந்த செட்டை மார்கழி விடியற்காலைப் பாட்டுக்கு எடுக்கும்போதுதான் சாக்கெட்டில் செருகியிருக்கும் கண்ணாடி வால்வு அசையவே மாட்டேன் என்கிறது என்று தெரியும். கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் உப்புக்காற்றுத் தொல்லை குறைவு. அங்கே வரும் சிக்கல் வேறு: புதிதாகப் போட்ட செராமிக் சாக்கெட்டின் பிடி அளவுக்கு மீறி இறுக்கமாக இருக்கும். முதலாவதற்குக் களிம்பை இளக்க வேண்டும், இரண்டாவதற்குப் பிடியைத் தளர்த்த வேண்டும். எது என்று பார்க்காமல் இழுத்தால் இரண்டிலும் உடைவது வால்வுதான்.

பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரம் ஆற விடுங்கள். வால்வு ஆறினாலும், மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் ஃபில்டர் கண்டன்சரில் 400, 450 வோல்ட் நிற்கலாம், அது ஆளைக் கொல்லும். 10,000 ஓம், 5 வாட் ஒயர்வௌண்ட் ரெசிஸ்டரின் இரு முனையிலும் இன்சுலேஷன் போட்ட முதலை கிளிப் மாட்டி, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, கண்டன்சரின் பாசிட்டிவ் நெகட்டிவ் குறுக்கே போடுங்கள். 50 மைக்ரோஃபாரட் கண்டன்சர் மூன்று வினாடியில் வடிந்துவிடும். இருந்தாலும் மீட்டரில் டி.சி. வோல்ட் பார்த்து, 10-க்குக் கீழே வந்த பிறகுதான் கை வைக்க வேண்டும். பெரிய கண்டன்சரில் வோல்ட் மெல்லத் திரும்ப ஏறும் என்பதால் வேலை முடியும் வரை ரெசிஸ்டர் அங்கேயே இருக்கட்டும். கரண்ட் கொடுக்கும் முன் அதை எடுக்க மறக்காதீர்கள்.

சேஸிஸை, அதாவது செட்டின் தகரச் சட்டத்தை, கவிழ்க்கும்போது ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கம் மரக்கட்டை முட்டுக் கொடுங்கள், வால்வு தலையில் எடை இறங்கக் கூடாது. எந்த வால்வு எந்த சாக்கெட் என்று மார்க்கரால் சேஸிஸிலேயே எழுதிவிடுங்கள். அவுட்புட் வால்வு ஈ.எல்.34-ம், ஏ.சி.யை டி.சி.யாக்கும் ரெக்டிஃபையர் வால்வு 5யூ4-ம் ஒரே ஆக்டல் (எட்டுக் கால்) சாக்கெட்டில் உட்காரும். ஈ.எல்.84-ம் ஈ.சி.சி.83-ம் ஒரே ஒன்பது கால் சாக்கெட்டில் உட்காரும். மாறிப்போனால் செட் காலி. பழைய பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) வால்வுகளில் நம்பர் மங்கியிருந்தால் கண்ணாடியில் வாயால் ஊதிப் பாருங்கள், ஆவி படியும்போது எழுத்து தெரியும். அந்த இடத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் இருந்த நம்பரும் போய்விடும்.

இனி கழற்றலாம். ஆக்டல் வால்வை எப்போதும் அடியிலுள்ள பேக்லைட் பேஸைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும். கண்ணாடியைப் பிடித்துத் திருகினால் பேஸிலிருந்து கண்ணாடி விடுபட்டு, உள்ளே வரும் ஒயர்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு ஷார்ட் ஆகும். சுழற்றவே கூடாது, நடுவிலுள்ள சாவிக்குச்சி முறிந்துவிடும். குச்சி முறிந்த வால்வும் வேலை செய்யும்தான், ஆனால் எட்டு விதமாக மாட்டலாம், அதில் ஏழு தப்பு. அப்படி ஆகிவிட்டால் சாவி இருந்த இடத்தில் பெயின்ட் பொட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பேஸில் கிளாம்ப் இருந்தால் முதலில் தளர்த்துங்கள். அடிப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு காலிலும் ஒரு சொட்டு கான்டாக்ட் கிளீனர் விட்டு, கால் மணி நேரம் ஊற விட்டு, பேஸை முன்னும் பின்னும் ஓரிரு மில்லிமீட்டர் மட்டும் அசைத்து மேலே இழுங்கள். வராவிட்டால் இரண்டு மூங்கில் சிம்புகளைத் தட்டையாகச் சீவி, பேஸுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே எதிரெதிராகச் செருகி, இரு பக்கமும் ஒரே சமயத்தில் நெம்புங்கள். ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டர் எழும்பினால் போதும். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். அது ஒரே புள்ளியில் அழுத்தும், பேக்லைட் சில்லு பெயரும்.

ஒன்பது கால் வால்வுக்கு இந்த ஆட்டல் வித்தையெல்லாம் கூடாது. அதில் பேஸே கிடையாது, கால்கள் நேராகக் கண்ணாடிக்குள் போகின்றன. ஆட்டினால் கால் நுழையும் இடத்தில் மயிரிழை விரிசல் விடும். அன்றைக்குப் பாடினாலும் நாலு நாளில் காற்று ஏறும். உள்ளே வெள்ளி போல மின்னும் பூச்சு பால் வெள்ளையாக மாறியிருந்தால் அந்த வால்வு போயிற்று என்று அர்த்தம். ஷீல்டு டப்பா இருந்தால் அழுத்தி, இடப்பக்கம் திருப்பி, எடுத்துவிடுங்கள். சைக்கிள் ட்யூபில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டிக் கண்ணாடியைச் சுற்றிப் பிடித்தால் கை வழுக்காது. கை நுழையாத இடத்தில் இருக்கிறதா? 20 மி.மீ. உள்விட்டமுள்ள ரப்பர் ஹோஸில் ஒரு சாண் வெட்டி வால்வுமேல் இறுக்கிச் செருகி, செங்குத்தாக மேலே இழுங்கள். ஹோஸ் உள்ளே வெறுமையாக இருப்பதால் வால்வின் உச்சியிலுள்ள கண்ணாடி மூக்கில் படாது. அந்த மூக்கு உடைந்தால் எல்லாம் முடிந்தது.

வால்வு வெளியே வந்ததும் சாக்கெட்டைப் பாருங்கள். பல் இடுக்குத் துலக்கும் குட்டி பிரஷ்ஷை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து ஒவ்வொரு துளையிலும் விட்டு எடுங்கள். பித்தளைப் பாத்திரத்துக்குப் பழகின கை புளியைத் தேடும். வேண்டாம். புளியின் அமிலம் இடுக்கில் தங்கிக் களிம்பை மறுபடி கிளப்பும், ஈரத்தில் மின்சாரமும் கடத்தும். ஈ.எல்.34-ல் 3-ம் கால் ஆனோடு (உயர் வோல்ட் வரும் பிளேட்), பக்கத்திலுள்ள 2-ம் கால் ஹீட்டர். இரண்டுக்கும் நடுவே பேக்லைட்டில் கரிக்கோடு ஓடியிருந்தால் சுத்தம் செய்து பிரயோசனமில்லை, சாக்கெட்டை மாற்றுங்கள்.

புது செராமிக் சாக்கெட்டின் இறுக்கத்துக்கு ட்ரில் பிட்டின் வழவழப்பான அடிப்பாகம் போதும். ஒன்பது காலுக்கு 1 மி.மீ., ஆக்டலுக்கு 2.4 மி.மீ. ஒவ்வொரு துளையிலும் மூன்று நான்கு முறை செருகி எடுங்கள். அதைவிடப் பெரிய பிட்டை விடாதீர்கள். தளர்ந்த சாக்கெட் இறுகிய சாக்கெட்டைவிட மோசம். ஈ.எல்.34-ன் 5-ம் காலில், அதாவது கிரிட்டில், பிடி விட்டுப்போனால், வால்வின் கரண்டை அடக்கி வைக்கும் நெகட்டிவ் வோல்ட் (பயாஸ்) வராது. பிளேட் சிவந்து வால்வும் போகும், அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரும் போகலாம். தளர்ந்த பிடியைக் கோணி ஊசியால் மெல்ல நெருக்கிவிடலாம், பிளக்கைப் பிடுங்கிக் கண்டன்சரை வடித்த பிறகு மட்டும்.

மாட்டும்போது ஆக்டலுக்குச் சாவியும், ஒன்பது காலுக்கு அகல இடைவெளியும் பொருந்த வேண்டும். வளைந்த காலைச் சாக்கெட்டில் அழுத்தி நேராக்காதீர்கள். கண்ணாடியை ஒட்டிக் குறடால் காலைப் பிடித்துக்கொண்டு, நுனியை மட்டும் இன்னொரு குறடால் நிமிர்த்துங்கள்.

ஸ்பீக்கரையோ சரியான லோடையோ இணைக்காமல் கரண்ட் கொடுக்கக் கூடாது. முதலில் 100 வாட் பழைய இழை பல்பை செட்டுக்குக் கரண்ட் வரும் ஒயரில் சீரிஸில் போடுங்கள். பல்பு பளிச்சென எரிந்து மங்கினால் சரி, பளிச்சென்றே நின்றால் எங்கேயோ ஷார்ட். பிறகு நேரடியாகக் கொடுத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் பிளேட் சிவக்கிறதா என்று கவனியுங்கள். ஈ.எல்.34 ஜோடியை மாற்றி, செட்டில் பயாஸ் ப்ரீசெட் (திருகிச் சரிசெய்யும் குட்டி ரெசிஸ்டர்) இருந்தால் அதைச் சரிசெய்தே ஆக வேண்டும். ஒவ்வொரு வால்வின் கேத்தோடிலும் (எலக்ட்ரான் கிளம்பும் முனை) தனித்தனி 10 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் அதன் குறுக்கே 350 மில்லிவோல்ட் என்றால் 35 மில்லியாம்பியர். 430 வோல்ட் செட்டுக்கு அது பத்திரமான அளவு. சூடேறி அரை மணி நேரம் கழித்து அதே இடத்தில் மறுபடி அளந்து பாருங்கள், மெல்ல ஏறிக்கொண்டே போனால் செட்டை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கண்டன்சரை மறுபடி வடித்துவிட்டுக் கிரிட் காலின் பிடியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.