ஸ்ப்ரைட் பிரித்தெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: கேம் பாய் அட்வான்ஸ் ரோம்களை முன்வைத்து

நின்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவியான கேம் பாய் அட்வான்ஸின் விளையாட்டு ஒன்றிலிருந்து தமக்குப் பிடித்த பாத்திரத்தின் உருவத்தை, அதாவது ஸ்ப்ரைட்டை, எடுக்க விரும்புகிறவர் பெரும்பாலும் முதலில் செய்வது, ரோம் கோப்பை (கார்ட்ரிட்ஜில் உள்ள விளையாட்டுத் தரவின் நகல்) ஒரு டைல் வியூவரில் (தரவை டைல் எனப்படும் 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகக் காட்டும் செயலி) திறந்து, மேலிருந்து கீழாக உருட்டிக்கொண்டே படத்தைத் தேடுவதுதான். திரை முழுவதும் அர்த்தமற்ற புள்ளிகள் நிறைந்திருக்கும். எங்கோ ஓரிடத்தில் எழுத்துருவோ ஒரு மரத்தின் துண்டோ தட்டுப்படும். இந்தத் தேடலின் அடிப்படையே பிழையானது. ரோமுக்குள் படம் என்று ஒன்று முழுமையாக இருப்பதில்லை. எந்தப் புள்ளிக்கு எத்தனையாவது வண்ணம் என்று சொல்லும் எண்கள் ஓரிடத்தில் இருக்கும். அந்த வண்ணங்களின் பட்டியலான பேலட் வேறோர் இடத்தில் இருக்கும். துண்டுகளை எந்த வரிசையில் அடுக்குவது, எதைத் திருப்பிக் காட்டுவது என்பதை விளையாட்டின் நிரல் தீர்மானிக்கும். இம்மூன்றையும் தனித்தனியே தேடிப் பிடிக்க வேண்டும் என்பதை மறப்பதால்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

அவற்றுள் பரவலானது, சுருக்கப்பட்ட தரவை அப்படியே படமாகப் பார்க்க முயல்வது. இக்கருவியின் பயாஸிலேயே (கருவியோடு வரும் அடிப்படை நிரல்) எல்இசட்77 என்ற முறையில் சுருக்கியதை விரிக்கும் வசதி உள்ளதால், பல விளையாட்டுகள் பெரிய உருவங்களை அம்முறையில்தான் சேமித்தன. 2002-இல் ஜப்பானில் வெளிவந்த போக்கிமான் ரூபி, சஃபையர் ஆகியவற்றின் சண்டைக் காட்சி உருவங்கள் இதற்குத் தெளிவான சான்று. சுருக்கப்பட்ட தொகுதி ஒவ்வொன்றும் பதினாறடிமானத்தில் (16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறை) 10 என்ற பைட்டுடன் தொடங்கும். அடுத்த மூன்று பைட்டுகள் விரித்த பின் வரும் அளவை, சிறிய பைட் முதலாகச் சொல்லும். 64-க்கு 64 பிக்சல் உருவம் ஒன்றில், பிக்சலுக்கு 4 பிட் வீதம் 2048 பைட்டுகள் உள்ளன. பதினாறடிமானத்தில் அது 800. ஆகவே ஹெக்ஸ் எடிட்டரில் (கோப்பின் பைட்டுகளைப் பதினாறடிமானத்தில் காட்டும் செயலி) தேட வேண்டிய வரிசை 10 00 08 00. பதினாறு வண்ணப் பேலட் 32 பைட்டுகள் மட்டுமே என்பதால், அதுவும் சுருக்கப்பட்டிருந்தால் 10 20 00 00 என்று தொடங்கும்.

இந்த வரிசை தற்செயலாகவும் வேறு தரவுக்குள் அமையக்கூடும். கிடைத்ததையெல்லாம் உருவம் என்று நம்பிவிடாமல், அந்த முகவரியைச் சுட்டும் பாயிண்டர் ரோமில் எங்கேனும் உள்ளதா என்று பார்ப்பதே உறுதியான வழி. ரோம் தரவு நினைவகத்தில் 08000000 என்ற முகவரியிலிருந்து தெரிவதாலும், முகவரிகள் சிறிய பைட் முதலாக எழுதப்படுவதாலும், கோப்பில் பதினாறடிமானத்தில் 123454 என்ற இடத்தில் இருக்கும் உருவத்தின் பாயிண்டர் 54 34 12 08 என்று காணப்படும். 12 34 54 என்று நேர்வரிசையில் தேடிவிட்டு, பாயிண்டரே இல்லை என்று கைவிடுகிறவர்கள் பலர். சரியாகத் தேடினால் கிடைக்கும் பாயிண்டர் பெரும்பாலும் ஓர் அட்டவணையின் நடுவில் இருக்கும். அதன் முன்னும் பின்னும் உள்ள பாயிண்டர்கள் மற்ற பாத்திரங்களின் உருவங்களுக்கும் வழிகாட்டிவிடும். ஆயிரக்கணக்கான டைல்களை உருட்டிப் பார்ப்பதைவிட இந்த ஒரு அட்டவணையைக் கண்டுபிடிப்பது எவ்வளவோ மேல்.

சுருக்கப்படாத உருவங்களில் தவறு வேறு விதமாக நேரும். அதே போக்கிமான் விளையாட்டுகளில், ஊர்களிலும் பாதைகளிலும் நடமாடும் மனித உருவங்கள் பெரும்பாலும் 16-க்கு 32 பிக்சல் அளவில், ஒரு நிலைக்கு 256 பைட்டுகளாகச் சுருக்காமல் வைக்கப்பட்டுள்ளன. வியூவரில் அகலம் 16 டைல் என்று இருந்தால் தலை ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலுமாகச் சிதறித் தெரியும். அதைக் கண்டு தரவு கெட்டுவிட்டது என்று முடிவுகட்டாமல், அகலத்தை 2 டைலாகக் குறைத்தால் ஆள் எழுந்து நிற்பார். இன்னொன்று: இடப்பக்கம் பார்க்கும் உருவம் இருக்கும், வலப்பக்கம் பார்க்கும் உருவம் எங்கு தேடியும் கிடைக்காது. இடம் மிச்சப்படுத்துவதற்காக இடப்பக்க உருவத்தையே கருவி கிடைமட்டமாகத் திருப்பிக் காட்டுகிறது. இல்லாததைத் தேடி நாள்களை வீணாக்க வேண்டாம்.

உருவம் ஏறக்குறையத் தெரிந்தும் விளிம்புகள் சீப்பின் பற்களைப் போல் இருந்தால், பைட்டுக்குள் இருக்கும் இரண்டு பிக்சல்களின் வரிசை மாறியிருக்கிறது என்று பொருள். இக்கருவியில், பதினாறடிமானத்தில் 21 என்ற பைட்டில் இடப்பக்கப் பிக்சல் 1, வலப்பக்கப் பிக்சல் 2. டைல் மோலஸ்டர் செயலியில் நான்கு பிட் தலைகீழ் வரிசை என்ற பொருள்படும் அமைப்பைத் தேர்ந்தால் இது சரியாகும். விளிம்பு சீராக இருந்தும் ஒவ்வொரு டைலும் மேலோ கீழோ நகர்ந்து தெரிந்தால் தொடக்க முகவரி பிசகியிருக்கிறது; ஒரு டைலின் ஒரு வரிக்கு 4 பைட்டுகள் என்பதால், நான்கு நான்காக நகர்த்திப் பார்த்தால் போதும்.

வண்ணத்தில் செய்யும் பிழைகள் உடனே கண்ணில் படுவதில்லை, அதனால்தான் அவை எனக்கு அதிகக் கவலை தருகின்றன. ஒவ்வொரு வண்ணமும் 15 பிட். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் 0 முதல் 31 வரை. கணினிக்காக இதை 8-ஆல் பெருக்கிவிட்டு நிறுத்தினால் உச்ச மதிப்பு 255-க்குப் பதிலாக 248-இல் நின்றுவிடும். வெள்ளையாக இருக்க வேண்டிய கண் சற்றே சாம்பல் பூத்துப் போகும். பெருக்கிய எண்ணுடன், மூல எண்ணை 4-ஆல் வகுத்து வரும் முழு எண்ணையும் கூட்டினால் 31 என்பது சரியாக 255 ஆகும். எமுலேட்டரின் (கருவியைக் கணினியில் போலச்செய்யும் செயலி) திரைப்பிடிப்பிலிருந்து வண்ணத்தைப் பொறுக்குவதும் கூடாது. அசல் கருவியின் மங்கலான திரையைப் போலக் காட்டுவதற்காகச் சில எமுலேட்டர்கள் வண்ணத்தை மாற்றிக் காட்டுகின்றன. எம்ஜிபிஏ போன்ற எமுலேட்டரின் பேலட் வியூவரில் நேரடியாகப் பார்ப்பது நல்லது. ஆனால் காட்சி இருளிலிருந்து வெளிச்சத்துக்கு வரும் நொடியில் நிறுத்தினால், இருட்டடிக்கப்பட்ட பேலட்தான் அங்கே இருக்கும். காட்சி முழுதும் தெளிந்த பிறகு எடுக்க வேண்டும்.

ஒரே உருவத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பேலட்டுகள் இருக்கலாம் என்பதையும் மறக்கலாகாது. போக்கிமானின் ஷைனி எனப்படும் வேறு நிற வடிவங்கள் தனிப் படங்கள் அல்ல, அதே எண்களுக்கு வேறு பேலட். ஸ்பிண்டா என்ற போக்கிமான் இன்னும் நுட்பமான சான்று: அதன் உடலில் தெரியும் புள்ளிகள் ரோமில் உள்ள உருவத்தில் இல்லை, ஒவ்வொரு ஸ்பிண்டாவுக்கும் உரிய எண்ணைக் கொண்டு விளையாட்டே அவற்றை அந்நேரத்தில் வரைகிறது. புள்ளியில்லாத ஸ்பிண்டா கிடைத்தால் அது பிழையன்று, அதுதான் மூலம்.

சேமிக்கும்போது ஜேபெக் வடிவத்தைத் தொடவே கூடாது. பேலட்டைக் காக்கும் இன்டெக்ஸ்டு பிஎன்ஜி போதும். பெரிதாக்க வேண்டுமானால் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று முழு எண்ணில், புள்ளிகளைக் கலக்காத முறையில் செய்ய வேண்டும். பின்னணியை நீக்குவதில்தான் கவனம் அதிகம் வேண்டும்: ஒளிபுகும் இடம் என்பது பேலட்டின் 0-ஆவது எண், ஒரு வண்ணம் அல்ல. அதே வண்ணம் பேலட்டில் வேறோர் எண்ணிலும் இருக்கலாம். வண்ணத்தை வைத்து நீக்கினால் பாத்திரத்தின் உடலிலேயே ஓட்டைகள் விழும்.

நின்டெண்டோ டிஎஸ் விளையாட்டுகளுக்கு இந்த வழியை அப்படியே கொண்டுபோகக் கூடாது. அவற்றுக்குள் முறையான கோப்பு அமைப்பு உண்டு. டைலுக்கு என்சிஜிஆர், பேலட்டுக்கு என்சிஎல்ஆர், அடுக்கும் முறைக்கு என்சிஇஆர் என்று தனித்தனிக் கோப்புகளைப் பல விளையாட்டுகள் கொண்டுள்ளன. டிங்கே போன்ற செயலியில் அம்மூன்றையும் சேர்த்துத் திறக்க வேண்டும்.

சொந்தமாக வாங்கிய கார்ட்ரிட்ஜிலிருந்து எடுத்த ரோமின் நகலில் மட்டுமே வேலை செய்யுங்கள். இந்த ஓவியங்களின் உரிமை அவற்றின் நிறுவனங்களுக்கே உரியது; படித்துப் பார்ப்பது வேறு, தம் விளையாட்டில் சேர்த்து விற்பது வேறு. முகவரிகளைக் குறித்துவைக்கும்போது விளையாட்டின் பெயரை மட்டும் எழுதுவதும் போதாது. ஒரே விளையாட்டின் 1.0, 1.1 பதிப்புகளுக்கிடையே முகவரிகள் இடம் மாறியிருக்கும். சுழியிலிருந்து எண்ணினால் கோப்பின் 172-ஆவது பைட்டில் தொடங்கும் நான்கெழுத்துக் குறியீட்டையும், 188-ஆவது பைட்டில் உள்ள பதிப்பு எண்ணையும் முகவரியின் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.