பிடிச்ச கேரக்டர் போயிட்டா சீரியலை நிப்பாட்டலாமா, எப்படி முடிவு பண்றது

கிரேஸ் அனாட்டமிங்கிற அமெரிக்க ஆஸ்பத்திரி சீரியலை முழுசா பார்க்காதவங்க இதோட நிறுத்திக்கோங்க, யாரு சாகுறா யாரு ஊரை விட்டுப் போறானு எல்லாம் கீழ வருது.

எங்க மதினி மதுரை பெரியாஸ்பத்திரில ஸ்டாஃப் நர்ஸ், நைட் டூட்டி இல்லாத அன்னைக்கு நானும் அவங்களும் உக்காந்து பார்ப்போம். 11வது சீசன்ல கதாநாயகி மெரிடித்தோட புருஷன் டாக்டர் டெரெக் செத்தப்ப நான் அழுதேன், அவங்களுக்கு வந்தது கோவம். தலையில அடிபட்டு வந்தவனுக்கு நேரத்துக்கு ஸ்கேன் எடுக்கலையேனு கத்துனாங்க, இனி இந்தப் பக்கமே வரமாட்டேன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க. அன்னைக்கு கத்துக்கிட்டது என்னன்னா, அந்த ராத்திரில முடிவு எடுக்காதீங்க, ஒரு வாரம் விடுங்க.

அப்புறம் முக்கியமா ரெண்டு விஷயத்தைப் பிரிச்சுப் பாருங்க. நடிக்கிறவங்க கிளம்புறது ஒண்ணு, அதுக்கு கதைல என்ன வழி பண்றாங்கங்கிறது இன்னொண்ணு. முதலாவதுக்கு யாரையும் திட்டி பிரயோஜனம் இல்ல, 10 வருஷம் ஒரே வேஷம் போட்டவங்களுக்கு வேற வேலை பண்ணணும்னு இருக்கும்ல. ரெண்டாவதைத்தான் நாம கேக்கணும். டாக்டர் கிறிஸ்டினா 2014ல சுவிட்சர்லாந்துல இருக்குற ஜூரிச்சுக்குப் போனப்ப, இதய ஆபரேஷனைத் தவிர வேற எதுவுமே பெருசில்லன்னு இருந்தவளுக்கு அந்த வேலை கிடைச்சது, அவ போறதுதான் சரின்னு நமக்கே தோணுச்சு. 2020ல டாக்டர் அலெக்ஸ் போனதைப் பாருங்க, 16 சீசனா கொஞ்சம் கொஞ்சமா மனுசனா மாறி வந்தவன் பொண்டாட்டி ஜோவுக்கு ஒரு லெட்டர் எழுதிட்டு பழைய பொண்டாட்டி இஸ்ஸிகிட்ட போயிட்டான்னா அத எப்படி ஏத்துக்கிறது, எனக்கு இன்னைக்கும் ஆறல. போற வழி அந்த ஆளோட குணத்துக்குப் பொருந்துதான்னு மட்டும் கேளுங்க, பொருந்துச்சுன்னா எவ்வளவு வலிச்சாலும் தொடர்ந்து பாருங்க.

புதுசா வர்றவங்க மேல எரிச்சல் வரும். மதினி இதுக்கு ஒண்ணு சொன்னாங்க, பெரியாஸ்பத்திரில ஹவுஸ் சர்ஜன் ஒரு வருஷம், பிஜி மூணு வருஷம், பழகி முடிக்கிறதுக்குள்ள கிளம்பிருவாய்ங்க, அடுத்த பேட்ச் வந்து ஊசி எங்க இருக்குனு கேட்டுக்கிட்டு நிக்கும், ஆறு மாசத்துல அதுகளும் நம்ம பிள்ளைகளாயிரும்னு. அதனால 19வது சீசன்ல வந்த அஞ்சு இன்டர்ன்களுக்கு ஆறேழு எபிசோடாவது குடுங்க, முதல் எபிசோடுலயே பழைய ஆளோட ஒப்பிட்டா எவனும் தேறமாட்டான். இஆர்னு 1994ல ஆரம்பிச்ச இன்னொரு அமெரிக்க ஆஸ்பத்திரி சீரியல்ல ஜார்ஜ் குளூனி 1999ல போனாரு, 2002ல மார்க் கிரீன்ங்கிற முக்கியமான டாக்டர் கேரக்டர் செத்துச்சு, அப்புறமும் 2009 வரைக்கும் ஓடுச்சு.

கருத்து சொல்றப்ப பின்னாடி பார்த்துக்கிட்டு வர்றவங்களையும் நெனச்சுக்கோங்க, எத்தனாவது சீசன்னு முதல்லயே போட்டுட்டு எழுதுங்க.

விட்டுட்டு திரும்ப வர்றவங்க 17வது சீசன் முதல் ரெண்டு எபிசோடுல இருந்து ஆரம்பிங்க. கோவிட் நேரத்துக் கதை, மெரிடித் மயங்கி விழுந்ததும் கடற்கரைல டெரெக் நிப்பான். கோவிட் வார்டுல பிபிஇ கிட்டுக்குள்ள வெந்து கிடந்த எங்க மதினியைப் பக்கத்துல உக்காரவச்சு இதைத்தான் போட்டேன். முடிஞ்சதும் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் ரிமோட்டை வாங்கி அடுத்ததை அவங்களே போட்டாங்க.